வாசலுக்கு வரும் பறவைகள்: வேனிலில் நீரும் தீனியும் வைத்துக் கவனிக்கும் முறை

மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டால் திருப்பூர், அவினாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கேயம் வட்டாரங்களில் மானாவாரி நிலங்கள் வெறுமையாகக் கிடக்கும். சோளத் தட்டு போராகிவிடும். கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் காய்ந்து பழுப்பேறும். குட்டைகள் வற்றும். இந்த நாட்களில்தான் தோட்டத்துச் சாளையின் வாசலையும் கட்டுத்தரையையும் தேடிப் பறவைகள் மிகுதியாக வருகின்றன. மாட்டுத் தொட்டியின் விளிம்பில் மைனா நீர் குடிக்கும். தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறும். தட்டுப் போரின் மேல் கரிச்சான் வந்தமரும்.

இப்பறவைகளில் எவை உங்கள் பயிருக்குத் துணை? எவை தொல்லை? எது எந்த மாதத்தில் வருகிறது? இவற்றை அறிய வாசலில் ஒரு நீர்த் தட்டும், சிறிது தானியமும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். செலவு மிகக் குறைவு. ஆனால் முறை தவறி வைத்தால் பறவைக்கும் கேடு, வீட்டுக் கோழிக்கும் கேடு. எனவே முறையறிந்து செய்தல் இன்றியமையாதது.

குளிர்நாட்டு வழக்கமும் நமது தேவையும்

இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டுத் தோட்டத்தில் பறவைகளுக்குத் தீனி வைத்துக் கவனிப்பது பரவலான வழக்கம். அங்கே பனிக்காலத்தில் நிலம் உறைந்துவிடுவதால் பறவைக்கு உணவு அரிதாகிறது. பனி விலகி வசந்தம் வரும்போதும் முந்தைய ஆண்டு விதைகள் தீர்ந்து, புதிய விதைகளும் பூச்சிகளும் பெருகாத இடைவெளி ஒன்று உண்டு. அக்குறையை வாசல் தீனி நிரப்புகிறது.

நமது நிலைமை வேறு. இங்கு நிலம் உறைவதில்லை, காய்கிறது. வேப்பம்பழமும் ஆலம்பழமும் வேலியோரப் பூச்சிகளும் ஓரளவு கிடைத்துக்கொண்டே இருக்கும். பங்குனி, சித்திரையில் பறவைக்கு முதற்குறை தண்ணீரே. ஆகவே நம் பகுதியில் நீர்த் தட்டு முதன்மையானது, தீனித் தட்டு அதற்கு அடுத்ததே. நீர் மட்டும் வைத்தாலே போதிய பறவைகள் வரும். தானியம் உண்ணாத கரிச்சான், பஞ்சுருட்டான், தேன்சிட்டு ஆகியவற்றையும் நீர் வைத்த இடத்தின் அருகே காணலாம்.

முன்னோர் இதை அறிந்திருந்தனர். அறுவடையானதும் நெற்கதிரையோ கம்பங்கதிரையோ கட்டி எறவாரத்தில் தொங்கவிடுவதும், உண்ணுமுன் காக்கைக்குச் சோறு வைப்பதும் நம் வீட்டு வழக்கங்களே. இன்று ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வீடு வந்துள்ளது. களத்தில் கதிரடிப்பது குறைந்து இயந்திரம் வந்துள்ளது. கிளுவை வேலி இருந்த இடத்தில் கம்பி வேலி நிற்கிறது. சிந்திய தானியமும், கூடு கட்டும் பொந்தும், ஒதுங்கும் புதரும் ஒருசேரக் குறைந்ததால் சிட்டுக்குருவி பல வீடுகளில் காணாமற் போயிற்று.

பறவையைக் கவனிப்பதால் உழவருக்கு என்ன பயன்?

பறவை எதைத் தின்கிறது என்று நேரில் பாராமல் நண்பன், பகைவன் என்று முடிவு செய்வது தவறாக முடியும். பீகாரில் பூசா என்னுமிடத்தில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மேசன், மேக்ஸ்வெல் லெஃப்ராய் ஆகிய அறிஞர்கள் பறவைகளின் இரைப்பையைச் சோதித்து, உள்ளே இருந்த பூச்சிகளையும் தானியங்களையும் வகைப்படுத்தி 1912ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். ஒரே பறவை ஒரு பருவத்தில் தானியத்தையும் மற்றொரு பருவத்தில் பூச்சியையும் உண்பது இத்தகைய ஆய்வுகளால் விளங்கியது.

சீனாவில் நடந்ததும் நமக்குப் பாடமாகும். 1958ஆம் ஆண்டு அந்நாட்டில் தானியம் தின்கிறது என்று சிட்டுக்குருவிகளைப் பெருமளவில் கொன்றார்கள். குருவி குறைந்தபின் பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகின. 1960இல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, அதனிடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். தானியம் தின்னும் சிட்டுக்குருவியே தன் குஞ்சுக்குப் புழு பூச்சிகளைத்தான் ஊட்டுகிறது என்பது அப்போது எண்ணிப் பார்க்கப்படவில்லை.

வாசலில் காணத்தக்க பறவைகள்

சிட்டுக்குருவி: ஆணுக்குத் தொண்டையில் கருந்திட்டு இருக்கும், பெண் பழுப்பு நிறம். உடைந்த தானியத்தை விரும்பி உண்ணும். வாயில் புழுவுடன் பறந்து செல்வதைக் கண்டால் அருகில் எங்கோ குஞ்சு இருக்கிறது என்று பொருள்.

தவிட்டுக்குருவி: ஆறு முதல் பத்து வரை கூட்டமாக வரும். ஒன்று காவலிருக்க மற்றவை சருகைக் கிளறிப் பூச்சி தேடும். பாம்பு, கீரி, பூனை வந்தால் கூச்சலிட்டு அறிவிக்கும்.

கரிச்சான்: பளபளக்கும் கருமை, பிளந்த நீண்ட வால். மாட்டின் முதுகிலும் கம்பத்திலும் அமர்ந்து, எழும்பும் பூச்சியைப் பறந்து பிடிக்கும். உழும்போது ஏர் அல்லது டிராக்டரின் பின்னே வரும். தன் கூட்டருகே வரும் காக்கையையும் பருந்தையும் விரட்டியடிக்கும்.

பனங்காடை: உட்கார்ந்திருக்கையில் பழுப்பாகவும், பறக்கையில் இறக்கை நீலமாகவும் தெரியும். மின்கம்பியில் அமர்ந்து தரையிலுள்ள வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி, வண்டு ஆகியவற்றைப் பிடிக்கும். பங்குனி முதல் ஆனி வரை வானில் குட்டிக்கரணம் போட்டுப் பறப்பதைக் காணலாம்.

கொண்டைக்குருவி: வாலின் அடியில் சிவப்பு நிறமுடையது. பழமும் பூச்சியும் உண்ணும். தட்டில் வாழைப்பழத் துண்டு வைத்தால் வரும்.

புறாக்கள்: கள்ளிப்புறாவும் சிறிய தவிட்டுப்புறாவும் தரையில் சிந்திய மணிகளைப் பொறுக்கும். விதைத்த வயலிலும் இறங்கும்.

சில்லைகள்: சிட்டைவிடச் சிறியவை, தடித்த அலகு உடையவை. கூட்டமாக வந்து புல்விதையும் சிறுதானியமும் உண்ணும். கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் இவற்றின்மேல் கண்வைக்க வேண்டும்.

சோளக்குருவி: இளஞ்சிவப்பு உடலும் கருந்தலையும் கொண்ட இது நடு ஆசியப் பகுதியிலிருந்து குளிர்காலத்தில் இங்கு வந்து, வேனில் தொடக்கத்தில் திரும்பிச் செல்லும். பெருங்கூட்டமாகச் சோளக் கதிரில் இறங்கும். ஆயினும் வெட்டுக்கிளியைப் பெருமளவில் உண்பதும் இதுவே.

கூகையும் ஆந்தையும்: அந்தி மங்கியபின் கேட்கும் குரலைக் கொண்டு குறித்துக்கொள்ளலாம். கூகையின் முக்கிய இரை எலி. இதை அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டுவது எலிக்குத் துணை போவதாகும்.

நீர்த் தட்டு வைக்கும் முறை

அகன்ற மண் தட்டு ஏற்றது. பிளாஸ்டிக், தகரம் வெயிலில் சூடேறும். நீரின் ஆழம் ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ. இருந்தால் போதும். நடுவே ஒரு சொரசொரப்பான கல்லை வைத்தால் சிறு பறவை அதில் நின்று குடிக்கும். தவறி விழுந்த தேனீயும் கரையேறும்.

தட்டை மரநிழலில், இடுப்புயரக் கல்லின் மேலோ திண்டின் மேலோ வைக்க வேண்டும். அடர்ந்த புதரிலிருந்து 2 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். இல்லையேல் பூனை பதுங்கியிருந்து பாயும். அதேசமயம் வல்லூறு வந்தால் பறந்து ஒளிய ஒரு மரமோ வேலியோ எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

தினமும் காலையில் பழைய நீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்ற வேண்டும். இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு, ஒன்றை வெயிலில் காயவிட்டு மற்றொன்றை மாற்றி வைப்பது மிக நல்லது. நாள்தோறும் நீர் மாற்றினால் கொசுப்புழு வளர்ந்து கொசுவாக வழியில்லை. டெங்குப் பரவலைப் பற்றிய அச்சமும் வேண்டாம்.

நீரின் தன்மையையும் பார்க்க வேண்டும். நொய்யல் ஆற்றோரக் கிணறுகள் பலவும் சாயக்கழிவால் உவர்ப்பேறியவை என்பதை நீங்கள் அறிவீர்கள். கழிவுநீரை முற்றாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரியில் ஆணையிட்டது. எனினும் நிலத்தடியில் இறங்கிய உப்பு எளிதில் விலகாது. சிறு பறவைகளால் மிகுந்த உப்பைத் தாங்க முடியாது. வாயில் வைத்தால் கரிக்கும் நீரைத் தட்டில் ஊற்றாதீர்கள். நீங்கள் குடிக்கும் நீரையே வையுங்கள்.

தீனித் தட்டு வைக்கும் முறை

கம்பு, தினை, உடைத்த சோளம், நொய்யரிசி ஆகியன ஏற்றவை. ஒரு குடும்பத்தின் வாசலுக்கு நாளொன்றுக்கு இரு கைப்பிடி போதும். காலையில் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவே சரியான அளவு. மீந்தால் மறுநாள் குறையுங்கள். மீந்ததைக் கூட்டி அள்ளி எருக்குழியில் போட்டு மூடிவிட வேண்டும். இரவில் கிடந்தால் எலி வரும்.

ஒன்றரை அடி சதுரப் பலகையில் நான்கு புறமும் தாழ்ந்த விளிம்படித்து, மழைநீர் வடியத் துளையிட்டு, ஐந்தடி உயரக் கம்பத்தில் பொருத்துவது நல்லது. தரையில் இறைத்தால் மயில் வந்து பழகிவிடும். மயிலால் பயிர் சேதமாவது நம் பகுதி உழவர்கள் நன்கறிந்த தொல்லை. அதை வாசலுக்குப் பழக்கிவிட வேண்டாம். தட்டைச் சிறிதாகவும் உயரமாகவும் வைத்தால் குருவி உண்ணும், மயில் கூடாது.

தட்டை வாரம் ஒருமுறை வெந்நீரால் கழுவி வெயிலில் நன்கு காயவைக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது. பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் எனப்படும் சிட்டினத்தில் 2005ஆம் ஆண்டு முதல் தொண்டையைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய் பரவி, அப்பறவை பெருமளவு குறைந்தது. ஒரே தட்டில் நெருங்கி உண்பதும் நோயுற்றவை கக்கிய தீனியும் அந்நோய் பரவ உதவும். நல்லெண்ணத்துடன் வைத்த தட்டும் தூய்மை கெட்டால் நோய்க்கூடமாகும் என்பதற்கு இது சான்று.

ஒருபோதும் வைக்கக் கூடாதவை

1. விதைநேர்த்தி செய்து மீந்த விதை. பூச்சிக்கொல்லி கலந்த சில மணிகளே சிட்டளவுப் பறவையைக் கொல்லப் போதும். மீந்த விதையை வாசலில் கொட்டாதீர்கள். விதைத்த வயலில் மேலே தெரியும் விதைகளையும் மண்ணால் மூடிவிடுங்கள்.

2. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம், சோளம். இவற்றில் உண்டாகும் நஞ்சு பறவையின் ஈரலைத் தாக்கும்.

3. உப்பிட்ட சோறு, மிக்சர், முறுக்கு, எண்ணெய்ப் பண்டங்கள்.

4. பனியன் கம்பெனிக் கழிவு நூல். கூடு கட்ட உதவும் என்று எண்ணிச் சிலர் நூல் கழிவை வேலியில் தொங்கவிடக்கூடும். இது கூடாது. நீண்ட நூல், குறிப்பாகப் பாலியஸ்டர், எலாஸ்டிக் இழைகள், குஞ்சின் காலைச் சுற்றி இறுகிவிடும். குஞ்சு வளரும், நூல் வளராது. கால் வீங்கி அழுகும், அல்லது கூட்டிலேயே தொங்கி இறக்கும். தையல் மிஷினும் ஓவர்லாக் மிஷினும் ஓடும் வீடுகளில் கட்டிங் வேஸ்ட்டை மூட்டையாகக் கட்டி வையுங்கள். காற்றில் பறந்து வேலியில் சிக்கிய நூலை எடுத்துவிடுங்கள். கூட்டுக்குக் காய்ந்த புல்லும் தேங்காய் நாரும் போதும்.

கோழி வளர்ப்போர் கவனத்திற்கு

பல்லடம் வட்டாரம் கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பேர்பெற்றது. கோழிப் பண்ணை வைத்திருப்போர் பண்ணையின் அருகே தீனித் தட்டு வைக்கவே கூடாது. இராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சல் நோய் புறா முதலிய பறவைகளையும் தாக்கும். பறவைக் காய்ச்சலும் காட்டுப் பறவைகள் மூலம் பரவக்கூடும். கொட்டகையின் கம்பிவலையில் குருவி நுழையும் ஓட்டை இருந்தால் அடைத்துவிடுங்கள். கொட்டகையைச் சுற்றிச் சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டி எடுங்கள்.

வாசலில் ஐந்தாறு நாட்டுக்கோழி வைத்திருப்போர் பறவைத் தட்டையும் கோழித் தொட்டியையும் எதிரெதிர்ப் புறங்களில் வைக்க வேண்டும். தட்டின் கீழ்ச் சிந்துவதைக் கோழி பொறுக்காதவாறு தடுக்க வேண்டும். கோழிகளுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவதும் அவசியம்.

இறகைச் சிலிர்த்துக்கொண்டு, விரட்டினாலும் பறக்காமல், கண் சொக்கி அமர்ந்திருக்கும் பறவையைக் கண்டால் தட்டை உடனே எடுத்துக் கழுவி, இரண்டு வாரமாவது தீனியை நிறுத்துங்கள். பல பறவைகள் ஒருங்கே இறந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

எப்போது தீனியை நிறுத்த வேண்டும்?

மாசிப்பட்ட இறவைச் சோளமோ கம்போ உங்கள் தோட்டத்தில் அல்லது பக்கத்துத் தோட்டத்தில் பால்பிடிக்கும் தறுவாயில் இருந்தால் தானியம் வைப்பதை நிறுத்தி நீர் மட்டும் வையுங்கள். வாசலில் கூடும் சில்லைக்கும் கிளிக்கும் வயல் இரண்டாம் பந்தியாகிவிடும். உங்கள் ஆர்வத்தால் அண்டை உழவருக்கு இழப்பு வரலாகாது. ஆடி மழைக்குப் பின் புல்விதையும் பூச்சியும் பெருகும்போதும் தீனி தேவையில்லை.

குறிப்பேடு எழுதும் முறை

காலை ஆறரை மணியளவில் கால்மணி நேரம் போதும். தட்டிலிருந்து பத்தடி தள்ளி அசையாமல் அமருங்கள். நோட்டில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: நாள், பறவை, எண்ணிக்கை, என்ன உண்டது, எங்கிருந்து வந்து எங்கே போனது. பெயர் தெரியாவிட்டால் நிறம், அலகின் வடிவம், வாலின் நீளம் ஆகியவற்றை எழுதினாலே போதும். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் ஆர்வத்துடன் செய்வார்கள்.

நான்கு வாரம் எழுதியபின் நோட்டைப் புரட்டினால் சில செய்திகள் விளங்கும். தவிட்டுக்குருவி தானியத்தைத் தொடாமல் வேலியோரத்திலிருந்து புழுவைத் தூக்கிச் செல்கிறதா? அந்த வேலியில் கூடு உண்டு. ஆவணி வரை அதை வெட்டாதீர்கள். சில்லைகளின் எண்ணிக்கை வாரந்தோறும் ஏறுகிறதா? கதிர்ப் பயிருக்குக் காவல் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யுங்கள். சென்ற ஆண்டு வந்த சிட்டுக்குருவி இவ்வாண்டு வரவில்லையா? கூடு கட்டும் இடம் போயிற்றா என்று பாருங்கள்.

உங்கள் குறிப்பு பிறருக்கும் பயன்படும். 2015ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. வீட்டு வாசலில் கால்மணி நேரம் எண்ணியதையும் அதில் சேர்க்கலாம்.

வாசலிலிருந்து வயலுக்கு

வாசலில் பறவையை அறிந்துகொண்டபின் அந்த அறிவை வயலில் பயன்படுத்த வேண்டும்.

பறவைத் தாங்கி: பயறு, நிலக்கடலை, பருத்தி வயல்களில் பயிரைவிட ஓரிரு அடி உயரமான கவைக்குச்சிகளையோ குறுக்குக்கட்டை அடித்த குச்சிகளையோ ஏக்கருக்கு 20 வீதம் நட்டால் கரிச்சானும் மைனாவும் அமர்ந்து புழுக்களைப் பிடிக்கும். கதிர்ப் பயிரில் மணி பிடிக்கும்போது இவற்றை எடுத்துவிட வேண்டும்; இல்லையேல் தானியம் தின்னும் பறவைகளும் அமரும்.

கூட்டுப் பெட்டி: அடிப்பக்கம் 15 செ.மீ. சதுரமும் 20 செ.மீ. உயரமும் உள்ள மரப்பெட்டியில் 3.2 செ.மீ. விட்டமுள்ள துளையிட்டு, மேற்கு வெயில் படாத சுவரில் ஒன்பதடி உயரத்தில் மாட்டினால் சிட்டுக்குருவி குடிவரும். முட்டை பொரிக்க ஏறக்குறைய இரண்டு வாரமும், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரமும் ஆகும். அதுவரை பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது.

உயிர்வேலி: கொறங்காட்டின் கிளுவை வேலியும் வெள்வேல் மரமும் கால்நடைக்கு மட்டுமன்றிப் பறவைக்கும் புகலிடம். கம்பி வேலி போட்டாலும் அதை ஒட்டிக் கிளுவைப் போத்துகளை நடுங்கள்.

குளங்களையும் மறக்க வேண்டாம். நல்லாற்று நீர் வந்து சேரும் திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் நீர்நிலையாயிற்று. சாயத் தொழிலும் பனியன் தொழிலும் சூழ்ந்த ஊரின் ஓரத்திலேயே வரித்தலை வாத்து போன்ற வலசைப் பறவைகள் வந்து தங்குகின்றன. 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு - அவினாசித் திட்டத்தால் நீர் பெறும் குளம் குட்டைகளிலும் பறவைகளைக் கவனித்து எழுதி வாருங்கள்.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி, சில்லை, மைனா போன்ற நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றமாகும். மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. எத்தனை தொல்லை தந்தாலும் அதற்கு நஞ்சு கலந்த தானியம் வைப்பது கடுங்குற்றம். அந்நஞ்சு மயிலோடு நிற்பதில்லை. கௌதாரி, புறா, கோழி, இறந்த பறவையைத் தின்னும் நாய் என்று பரவும்.

வேனிலில் பறவைக்கு நீர் வைப்பதைத் தருமம் என்று மட்டும் கருத வேண்டியதில்லை. அது உங்கள் நிலத்தைப் படிக்கும் ஒரு வழியுமாகும். இந்தப் பங்குனியில் ஒரு மண் தட்டும் ஒரு நோட்டும் வாங்குங்கள். நீரைத் தினமும் மாற்றுங்கள். தீனியை அளவோடு வையுங்கள். தட்டைத் தூய்மையாக வைத்திருங்கள். கண்டதை அன்றே எழுதுங்கள். அடுத்த பட்டத்தில் மருந்து தெளிக்கக் கைப்பம்பை எடுக்குமுன் அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்து, கூலியின்றிப் புழு பொறுக்கும் பறவைகள் எத்தனை என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.